எண்ணிக் காப்பாற்றிய குருவியும் எண்ண முடியாத தேனீயும்

2012 ஜூன் மாதம். ஆன்சைட் வேலைக்காக மிச்சிகனில் இருந்த காலம். ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் கிரேலிங் என்ற சின்ன ஊருக்குப் போய், ஒரு வழிகாட்டியோடு ஜாக் பைன் காட்டுக்குள் நடந்தோம். பார்க்கப் போனது கிர்ட்லண்ட் வார்ப்ளர் என்ற குருவியை. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, "அதோ" என்றார் வழிகாட்டி. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, காதில் மட்டும் விழுந்தது. கீழ் சுரத்தில் ஆரம்பித்து மேலே ஏறி டக்கென்று நிற்கும் பாட்டு. பிறகுதான் மரத்தின் உச்சியில் மஞ்சள் வயிறும் சாம்பல் முதுகுமாக ஆள் தெரிந்தார். எடை 14 கிராம் இருக்கும். பத்து ரூபாய் நாணயம் இரண்டை விடக் கொஞ்சம் குறைவு.

இந்தப் பதிவுக்காகப் பழைய குறிப்புகளைப் புரட்டும்போதுதான் உறைத்தது. அந்த நாட்டில் இருந்த மூன்று வருஷத்தில் எத்தனையோ தேனீக்களைக் கடந்து போயிருப்பேன். ஒன்றைக்கூட நின்று பார்த்ததில்லை. ஒரு குருவிக்காக விடியலில் எழுந்து மூன்று மணி நேரம் கார் ஓட்டியவன், அபார்ட்மெண்ட் வாசல் பூச்செடியில் இருந்த பூச்சி என்ன இனம் என்று கேட்டதே இல்லை. இது என் சோம்பேறித்தனம் மட்டும்தானா, இல்லை இதற்கு ஒரு வரலாறு இருக்கிறதா? தேடிப் பார்த்ததில் கிடைத்ததுதான் இது.

ஒப்பிட எடுத்துக்கொண்டவை இரண்டு. ஒன்று மேலே சொன்ன குருவி. இன்னொன்று, அமெரிக்காவில் ரஸ்டி பேட்ச்ட் பம்பிள்பீ என்று அழைக்கப்படும் காட்டுத் தேனீ. முதுகில் துருப்பிடித்த மாதிரி ஒரு திட்டு இருப்பதால் அந்தப் பெயர். இனி இதைத் துருத்தேனீ என்றே எழுதுகிறேன். பம்பிள்பீ என்றால் உருண்டையாக, ரோமம் அடர்ந்து இருக்கும் பெரிய தேனீ. நம்மூரில் மூங்கிலைத் துளைக்கும் கருவண்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு.

குருவியின் கதை

1851 மே மாதம், ஒஹையோ மாநிலம் கிளீவ்லாந்து அருகே, மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான ஜாரெட் கிர்ட்லண்டின் பண்ணையில் அவருடைய மருமகன் இந்தக் குருவி ஒன்றைச் சுட்டு எடுத்தார். அடுத்த வருஷம் ஸ்பென்சர் பெயர்ட் அதற்குக் கிர்ட்லண்ட் பெயரையே வைத்தார். இதில் ஒரு வேடிக்கை. பத்து வருஷத்துக்கு முன்பே, 1841ல், சாமுவேல் கேபட் என்பவர் பஹாமாஸ் பக்கம் கப்பலில் போகும்போது இதே குருவியைப் பிடித்திருக்கிறார். என்ன இனம் என்று தெரியாமல் அது அவருடைய சேகரிப்பிலேயே கிடந்தது.

குருவி கிடைத்துவிட்டது, ஆனால் அது எங்கே கூடு கட்டுகிறது என்று தெரியவே ஐம்பது வருஷம் ஆனது. 1903ல் மிச்சிகன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தைச் சேர்ந்த நார்மன் வுட், மிச்சிகனின் ஒஸ்கோடா கவுண்டியில் முதல் கூட்டைக் கண்டுபிடித்தார். தரையில், இளம் ஜாக் பைன் மரங்களின் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில்.

இந்தக் குருவியின் பிடிவாதம் அபாரமானது. மணற்பாங்கான மண் வேண்டும். ஜாக் பைன் வேண்டும். அதுவும் ஏறக்குறைய 5 முதல் 20 வயதுக்குள் இருக்கும் இளமரமாக இருக்க வேண்டும். மரம் வளர்ந்து கீழ்க்கிளை காய்ந்துவிட்டால் காலி செய்துவிட்டுப் போய்விடும். ஜாக் பைனுக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. அதன் காய்கள் பிசினால் ஒட்டி மூடியிருக்கும், நெருப்பின் சூடு பட்டால்தான் நன்றாகத் திறந்து விதை சிந்தும். ஆக, காடு எரிந்தால்தான் இளமரம், இளமரம் இருந்தால்தான் குருவி. 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்க வனத்துறை காட்டுத்தீயை அணைப்பதில் கெட்டிக்காரத்தனம் காட்டக் காட்ட, குருவிக்கு வீடு குறைந்துகொண்டே வந்தது.

இரண்டாவது அடி கௌபேர்ட் என்ற இன்னொரு பறவையால். குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுகிற கதைதான். கௌபேர்ட் தன் முட்டையை மற்ற குருவிகளின் கூட்டில் வைத்துவிட்டுப் போகும். சமவெளிகளில் காட்டெருமைக் கூட்டத்தோடு திரிந்த பறவை, காடுகள் வெட்டப்பட்டு வயலும் மாடும் வந்த பிறகு மிச்சிகனுக்குள்ளும் நுழைந்தது. 1970 வாக்கில் இந்தக் குருவியின் கூடுகளில் சுமார் 70 சதவீதத்தில் கௌபேர்ட் முட்டை இருந்தது. ஒரு கூட்டிலிருந்து சராசரியாக ஒரு குஞ்சுகூடப் பறந்து போகாத நிலை.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது? எண்ணினார்கள், அவ்வளவுதான். 1951ல் ஹெரால்ட் மேஃபீல்ட் முன்னின்று நடத்திய கணக்கெடுப்பில் பாடும் ஆண் குருவிகள் 432. ஒரு பாட்டுப் பறவை இனத்தை முழுவதுமாக எண்ணியது அதுவே முதல் முறை. 1961ல் 502. 1971ல் 201. பத்து வருஷத்தில் 60 சதவீதம் போய்விட்டது. அந்த ஒற்றை எண் எல்லோரையும் தூக்கிவாரிப் போட்டது. 1972லேயே கௌபேர்டுகளைப் பொறி வைத்துப் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சரிவு நின்றது, ஆனால் எண்ணிக்கை ஏறவில்லை. 1974ல் 167, 1987லும் அதே 167.

ஏற்றியது ஒரு விபத்து. 1980 மே 5ஆம் தேதி, மேக் லேக் என்ற இடத்தில் குருவிக்காகவே திட்டமிட்டு வைத்த தீ கைமீறிப் போனது. 24,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. 44 வீடுகள் அழிந்தன. தீயணைக்கப் போன வனத்துறை ஊழியர் ஒருவர் இறந்தார். சில வருஷம் கழித்து அந்தச் சாம்பலில் இளம் ஜாக் பைன் எழுந்தது, குருவிகள் வந்தன. 1990ல் 265, 1995ல் 765, 2001ல் 1,085. ஒரு உயிர் போன தீயை யாரும் வெற்றி என்று எழுத முடியாது. ஆனால் குருவிக்கு என்ன வேண்டும் என்பதை அந்தத் தீ சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டிவிட்டது. அதன் பிறகு பெரும்பாலும் தீ வைக்காமல், முதிர்ந்த மரங்களை வெட்டி, வருஷத்துக்குச் சுமார் 4,000 ஏக்கரில் கன்றுகளை நட்டு, நடுநடுவே வெட்டவெளி விட்டு அதே காட்டைக் கையால் உருவாக்குகிறார்கள். 2019 அக்டோபரில் கிர்ட்லண்ட் வார்ப்ளர் அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

நீக்கினார்கள் என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை. நடவை நிறுத்தினால் இருபது வருஷத்தில் வீடில்லை. காலம் முழுக்க ஆபரேஷன்ஸ் டீம் வேண்டிய சிஸ்டம் இது.

தேனீயின் கதை

துருத்தேனீக்கு 1863ல் எஸ்ரா கிரெஸ்ஸன் அறிவியல் பெயர் வைத்தார். பிறகு நூறு வருஷத்துக்கு மேல் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கவலைப்படக் காரணமும் இல்லை, எங்கு பார்த்தாலும் இருந்தது. அமெரிக்காவில் 28 மாநிலங்கள், கனடாவில் ஒன்டாரியோ, கியூபெக். தக்காளி, குருதிநெல்லி, புளூபெர்ரி பூக்களைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும் வித்தை பம்பிள்பீக்களுக்கு உண்டு. சாதாரணத் தேனீக்கு அது வராது.

1990களின் கடைசியில் ஆள் காணாமல் போக ஆரம்பித்தது. 2000க்குப் பிறகு 13 மாநிலங்களிலும் ஒன்டாரியோவிலும்தான் பதிவு. அந்தப் பட்டியலில் மிச்சிகன் இல்லை. அதாவது 2012ல் என் அபார்ட்மெண்ட் வாசலில் நான் நின்று பார்த்திருந்தாலும் அது இருந்திருக்காது. நான் போய்ச் சேரும்போதே அது போயிருந்தது, போனது எனக்குத் தெரியாது.

சிட்னி கேமரனும் சக ஆய்வாளர்களும் 2011ல் வெளியிட்ட ஆய்வு, இந்த இனம் வாழ்ந்த பரப்பில் 87 சதவீதம் சுருங்கிவிட்டது என்றது. கனடா 2012ல் அழியும் இனமாகப் பட்டியலிட்டது. 2013ல் ஸெர்செஸ் சொசைட்டி அமெரிக்க அரசுக்கு மனு கொடுத்தது. 2017 ஜனவரி 11ல் ஆணை வெளியானது, பிப்ரவரி 10ல் அமலுக்கு வர வேண்டும். நடுவில் ஆட்சி மாறியது, தள்ளிவைத்தார்கள், வழக்குப் போனது, கடைசியில் மார்ச் 21ல் அமலானது. அமெரிக்காவின் தொடர் நிலப்பரப்பில் இப்படிப் பட்டியலான முதல் தேனீ இதுதான். (ஹவாயின் ஏழு தேனீ இனங்கள் சில மாதங்கள் முன்பே பட்டியலாகிவிட்டன.)

ஏன் போனது? இங்கேதான் குருவிக் கதையிலிருந்து விலகுகிறோம். குருவிக்குக் காரணம் இரண்டு: தீ இல்லை, கௌபேர்ட் உண்டு. தேனீக்கு எத்தனை என்றே சண்டை. 1990களில் பசுமைக்குடில் தக்காளிக்காகப் பம்பிள்பீக்களைத் தொழில்முறையில் வளர்க்க ஆரம்பித்தார்கள். சில ராணிகள் ஐரோப்பா போய், வளர்க்கப்பட்ட கூட்டங்கள் திரும்பி வந்தன. அவற்றோடு நோஸீமா என்ற நுண்ணுயிர் நோயின் வெளிநாட்டு வகை ஒட்டிக்கொண்டு வந்து காட்டுத் தேனீக்களைத் தாக்கியிருக்கலாம் என்றார் கலிஃபோர்னியாவின் ராபின் தோர்ப். அருமையான ஊகம். அதைச் சோதிக்க, 2016ல் வெளியான ஓர் ஆய்வில் அருங்காட்சியகங்களில் ஊசி குத்தி வைத்திருந்த பழைய தேனீக்களின் உடலிலிருந்து டி.என்.ஏ எடுத்துப் பார்த்தார்கள். 1990களின் நடுவிலிருந்து நோய் அதிகரித்தது உண்மை. ஆனால் நோய்க்கிருமி அதற்கு முன்பே அமெரிக்காவில் இருந்திருக்கிறது. புது வெளிநாட்டு வகை வந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. அப்படியானால் பழைய நோய் திடீரென்று ஏன் வலுத்தது? நியோநிகோடினாய்டு பூச்சிமருந்து, புல்வெளி அழிப்பு, தட்பவெப்ப மாற்றம், தேனீக் கூட்டங்களின் குறைந்த மரபணு வளம் என்று சந்தேக நபர்கள் வரிசையில் நிற்கிறார்கள். பொறி வைத்துப் பிடிக்க ஒரு கௌபேர்ட் இல்லை.

எதை ஒன்று என்று எண்ணுவது?

எனக்கு இந்த ஒப்பீட்டில் மிகவும் பிடித்த, மிகவும் தொந்தரவு செய்கிற பகுதி இது.

குருவியை எண்ணுவது எளிது. ஜூன் மாதக் காலையில் ஆண்கள் தங்கள் எல்லையில் நின்று பாடும். கால் மைல் தூரம் கேட்கும். காட்டில் வரிசையாக நடந்து, காதில் விழுவதைக் குறித்துக்கொண்டால் போதும். ஒரு பாட்டு, ஓர் ஆண், ஒரு ஜோடி. 167 என்றால் 167 குடும்பம்.

தேனீயை எப்படி எண்ணுவது? துருத்தேனீயின் கூடு பெரும்பாலும் நிலத்தடியில், எலி விட்டுப்போன வளையில் இருக்கும். ஒரு கூட்டத்தில் வேலைக்காரத் தேனீக்கள் ஆயிரம் வரை போகலாம், ஆனால் கூட்டம் முழுவதற்கும் தாய் ஒரே ராணி. இலையுதிர் காலம் வந்ததும் பழைய ராணி, வேலைக்காரர்கள், ஆண்கள் எல்லாம் செத்துப்போகும். புதிதாகப் பிறந்து கருவுற்ற ராணிகள் மட்டும் மண்ணுக்குள் போய்த் தூங்கி, வசந்தத்தில் தனியாளாக எழுந்து குடும்பத்தை முதலிலிருந்து தொடங்கும். ஆக, ஒரு தோட்டத்தில் நூறு துருத்தேனீ பறந்தாலும் அது ஒரே குடும்பமாக இருக்கலாம். கணக்கில் நூறு, உண்மையில் ஒன்று. டேட்டாபேஸ் வேலை செய்தவர்களுக்குப் புரியும். வரிகளை எண்ணி விடலாம், ஆனால் பிரைமரி கீ எது?

இதைவிட ஒரு விஷயம். பெயருக்குக் காரணமான அந்தத் துருத்திட்டு வேலைக்காரத் தேனீக்கும் ஆணுக்கும் மட்டும்தான் உண்டு. ராணிக்குக் கிடையாது! யாரை எண்ண வேண்டுமோ அவளுக்கு அடையாளச் சீட்டு இல்லை.

இன்னும் ஓர் ஆபத்தும் உண்டு. தேனீக்களில் கருவுறாத முட்டை ஆணாகும், கருவுற்றது பெண்ணாகும் என்று படித்திருப்போம். உண்மையில், பாலினத்தைத் தீர்மானிக்கும் ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் வேறு வேறாக இருந்தால்தான் கருவுற்ற முட்டை பெண்ணாகும். இனம் சுருங்கி, சொந்தத்துக்குள்ளேயே இணை சேர்ந்து, ராணிக்கும் ஆணுக்கும் அந்தப் பிரதி பொதுவாகிவிட்டால், கருவுற்ற முட்டைகளில் பாதி உதவாத ஆணாகப் பிறக்கும். உழைக்க வேண்டிய கையில் பாதி போச்சு. எண்ணிக்கை குறையும்போது குருவிக்கும் சிக்கல்தான், ஆனால் தேனீக்கு இந்தக் கூடுதல் வரி உண்டு. 167 குடும்பத்திலிருந்து குருவி திரும்பி வந்தது. அதே எண்ணிக்கையிலிருந்து ஒரு தேனீ இனம் திரும்புமா என்பது இன்னும் கடினமான கேள்வி.

சட்டம் யாரைப் பார்க்கிறது

1967ல் அமெரிக்கா முதன்முதலில் வெளியிட்ட அழியும் இனங்களின் பட்டியலில் 78 பெயர்கள். அதில் 36 பறவைகள், நம் குருவியும் அதில் உண்டு. பூச்சி ஒன்றுகூட இல்லை, எல்லாமே முதுகெலும்புள்ளவை. 1973ல் வந்த புதிய சட்டம் பூச்சிகளையும் சேர்த்துக்கொண்டது. 1976ல் சில வண்ணத்துப்பூச்சிகள் பட்டியலில் ஏறின. ஆனால் சட்டத்துக்குள் இரண்டு பொடி எழுத்து விஷயம் உண்டு. ஒன்று, பூச்சி வகுப்பைச் சேர்ந்த ஒன்றைப் பாதுகாப்பது மனிதருக்குப் பெரும் கேடு என்று முடிவானால் அதற்குப் பாதுகாப்பு கிடையாது. இன்னொன்று 1978 திருத்தம். ஓர் இனம் நாட்டில் எங்கோ நன்றாக இருந்தாலும், ஒரு பகுதியில் மட்டும் அழியும் நிலையில் இருந்தால் அந்தப் பகுதிக்கூட்டத்தைத் தனியாகப் பட்டியலிடலாம். இந்தச் சலுகை முதுகெலும்பிகளுக்கு மட்டும். தேனீ என்றால் இனமோ துணையினமோ மொத்தமாக ஆபத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவில் நடந்தது சிரிக்க வைக்கும். அந்த மாநிலச் சட்டத்தின் வார்த்தைகளில் பறவை, பாலூட்டி, மீன், நீர்நில வாழ்வன, ஊர்வன, தாவரம் என்று இருந்தது, பூச்சி இல்லை. ஆனால் "மீன்" என்பதன் வரையறைக்குள் முதுகெலும்பற்றவையும் வந்தன. எனவே நான்கு பம்பிள்பீ இனங்களைப் பாதுகாக்கலாம் என்று 2022 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேனீயை மீன் என்று சொல்லித்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது.

சிரிக்க முடியாதது இலினாயின் ராக்ஃபோர்டில் நடந்தது. அங்கே விமான நிலைய வளாகத்துக்குள் பெல் பௌல் ப்ரெய்ரி என்ற பழைய புல்வெளி இருந்தது. விரிவாக்க வேலை நடக்கும்போது, 2021ல், அங்கே துருத்தேனீ பார்க்கப்பட்டது. வேலை நின்றது. அரசுத் துறைகளுக்குள் ஆலோசனை நடந்தது. முடிந்ததும் 2023 மார்ச்சில் இயந்திரங்கள் வந்து புல்வெளியின் ஒரு பகுதியைப் புரட்டிப் போட்டன. மார்ச் மாதம் ராணிகள் மண்ணுக்குள் தூங்கும் நேரம். குருவி இருந்தால் பாடியிருக்கும். தேனீ இருந்ததா இல்லையா என்று அன்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

எனக்குத் தோன்றுவது

பல வருஷம் முன்பு நாங்கள் பராமரித்த ஒரு சிஸ்டத்தில், இரவில் ஓடும் ஒரு சின்ன வேலை சத்தமில்லாமல் நின்றுபோனது. டேஷ்போர்டில் எல்லாமே பச்சை. அதற்கென்று ஓர் அளவுகோலே வைக்கவில்லை என்பதால் மூன்று மாதம் எங்கள் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தபோது சரிசெய்யத் தேவையான லாக்கூட அழிந்திருந்தது. துருத்தேனீ விஷயமும் அதுதான். 1951ல் குருவிக்கு ஓர் எண் கிடைத்தது. அந்த எண் சரிந்த அடுத்த வருஷமே வேலை ஆரம்பமானது. தேனீக்கு அப்படி ஓர் எண் எப்போதும் இருந்ததில்லை. போன பிறகு, அருங்காட்சியகப் பெட்டிகளில் இருந்த செத்த தேனீக்களை எண்ணித்தான் எவ்வளவு போனது என்று கணக்குப் போட்டார்கள்.

இதை வைத்து, குருவிக்குச் செலவழித்தது தப்பு, தேனீக்குக் கொடுத்திருக்கலாம் என்று சிலர் வாதிடுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒப்புதல் இல்லை. எண்ணினால், காரணம் புரிந்தால், விடாமல் செய்தால் ஓர் இனத்தைத் திருப்பிக் கொண்டுவரலாம் என்று அந்தக் குருவிதான் காட்டியது.

தவிர, தேனீ பக்கம் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. இன்று துருத்தேனீ அதிகம் கண்ணில்படுவது காட்டில் இல்லை, ஊருக்குள். மினியாபொலிஸ், மேடிசன், மில்வாக்கி நகரங்களின் தோட்டங்களில். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் தாண்டியும் ஏதாவது ஒரு பூ இருந்தால் அதற்குப் போதும். 2019ல் மினசோட்டா இதைத் தன் மாநிலத் தேனீயாக அறிவித்தது. அதே வருஷம், வீட்டுப் புல்தரையை எடுத்துவிட்டு நாட்டுப் பூச்செடி வைக்கும் மக்களுக்குப் பணம் தரும் திட்டத்தையும் தொடங்கியது. பார்த்ததைப் படம் எடுத்துப் பதிவேற்றினால் நிபுணர்கள் சரிபார்க்கிற இணையத்தளங்களும் இருக்கின்றன. இன்று துருத்தேனீ எங்கே இருக்கிறது என்று தெரிவதில் பெரும்பங்கு இப்படிச் சாதாரண ஆட்கள் எடுத்த படங்களுக்கு உண்டு.

குருவிக்கு 4,000 ஏக்கர் நட நானும் நீங்களும் போக முடியாது. அது அரசு செய்ய வேண்டிய வேலை, செய்தது. தேனீக்கு வேண்டியது தெருவுக்குப் பத்துப் பேர், ஆளுக்கு நாலு செடி, நின்று பார்க்க ஐந்து நிமிஷம். மூன்று வருஷத்தில் அந்த ஐந்து நிமிஷம் எனக்குக் கிடைக்கவில்லை. இப்போது மொட்டைமாடித் துளசித் தொட்டியில் வந்து உட்காருகிற பூச்சிகளைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். பெயர் தெரியாதவைதான் அதிகம். "சின்னது, கறுப்பு, பச்சைக் கண்" என்கிற அளவில்தான் இருக்கிறது. இருக்கட்டும், எண்ணத் தொடங்கியாச்சு.